மெசினை நிறுத்த ஆகும் செலவு

2011ஆம் ஆண்டு தை, மாசி மாதங்களில் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களை மூழ்கடித்த வெள்ளத்தை இங்கே நெல்லோடு வாழும் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கதிர் முற்றி அறுவடைக்குக் காத்து நின்ற பெரும்போக வயல்கள் நாட்கணக்கில் நீருக்கடியில் கிடந்தன. வெள்ளம் வடிந்த பின்னர் மிஞ்சியதை அறுத்தெடுத்தவர்கள், காயவைக்க வெயில் இல்லாமல், மூட்டைக்குள்ளேயே முளைத்துவிடும் என்ற அச்சத்தில், அதை ஈரத்தோடும் சேற்றோடும் வைக்கோல் துண்டுகளோடும் ஆலைகளுக்குக் கொண்டுவந்தார்கள். நான் அப்போது சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் மெசின்களைப் பார்க்கும் பொறுப்பில் இருந்தேன். அந்த மாசி மாதத்தின் ஒரு பிற்பகலில், அதே ஆலையில் வேலை செய்த என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, தன் வலது கையின் மூன்று விரல்களை நெல் ஏற்றும் எலிவேட்டரில் இழந்தார்.

அவர் அவற்றை ஏன் இழந்தார் என்பதைச் சரியாக விளங்கிக்கொள்ள எனக்குச் சில கிழமைகள் பிடித்தன. விளங்கிய பின்னர் அந்த ஆலையிலும், பிறகு நான் போய்ச் சேர்ந்த ஆலையிலும் சில மாற்றங்களைச் செய்தோம். அவற்றில் சில பலன் தந்தன. சிலவற்றை இன்னும் சரிசெய்ய முடியவில்லை. ஆலைகளில் வேலை செய்பவர்களுக்கும், ஆலை நடத்துபவர்களுக்கும், பிள்ளைகளை ஆலை வேலைக்கு அனுப்பும் பெற்றோருக்கும் பயன்படலாம் என்று இதை எழுதுகிறேன்.

எலிவேட்டர் என்பது நெல்லைக் கீழிருந்து மேலே கொண்டுபோகும் சாதனம். அகலமான பெல்ட் ஒன்றில் வரிசையாகச் சிறு வாளிகள் முடுக்கப்பட்டிருக்கும். கீழே இருக்கும் அடிப்பெட்டியில் விழும் நெல்லை அந்த வாளிகள் அள்ளிக்கொண்டு மேலே போய்க் கொட்டிவிட்டு மறுபக்கத்தால் வெறுமையாக இறங்கும். காய்ந்த நெல் தண்ணீர் போல ஓடும். அரைப்பதற்கு நெல்லின் ஈரம் நூற்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு அளவில் இருக்க வேண்டும். அந்த வருடம் எங்களுக்கு வந்த நெல்லைக் கையில் பிடித்தால் உள்ளங்கை நனைந்தது. அப்படிப்பட்ட நெல் ஓடாது. அடிப்பெட்டியில் வைக்கோலோடு சேர்ந்து அப்பி இறுகும், வாளிகள் அதில் முட்டும், பெல்ட் கப்பியில் வழுக்கித் தேயும், றப்பர் கருகும் மணம் வரும். உடனே யாராவது ஓடிப்போய் அடிப்பெட்டியின் சிறு கதவைத் திறந்து, அடைத்துக்கொண்டிருப்பதைக் கையால் இழுத்து விடுவார்கள். நல்ல வருடங்களில் நாளுக்கு ஒரு தரமோ இரண்டு தரமோ நடந்த இந்த வேலை, அந்த மாசியில் மணிக்கு இரண்டு தரம் நடந்தது.

மெசினை நிறுத்திவிட்டு அதைச் செய்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். எங்கள் ஆலையில் அப்போது ஒரேயொரு பெரிய மோட்டார் இருந்தது. அது சுவரோரமாகப் போகும் நீளமான தண்டு ஒன்றைச் சுழற்ற, அந்தத் தண்டிலிருந்து எலிவேட்டர், உமி நீக்கும் மெசின், அரிசி தீட்டும் மெசின், சல்லடை எல்லாவற்றுக்கும் தனித்தனி பெல்ட்கள் போயின. ஒன்றை நிறுத்துவதானால் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் எல்லா மெசின்களுக்குள்ளும் நெல்லும் அரிசியும் தேங்கி நிற்கும். அந்தப் பாரத்தோடு மோட்டாரைத் திரும்பப் போட்டால் அது இழுக்காமல் முனகிவிட்டுப் பியூஸைக் கருக்கும். ஆகவே ஒவ்வொரு மெசினையும் திறந்து, உள்ளிருப்பதைக் கையால் அள்ளி வெறுமையாக்கிய பிறகே திரும்பத் தொடங்க முடியும். இதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் செல்லும். எங்களுக்குச் சம்பளம் மூட்டைக் கணக்கில் கிடைத்தது. வாசலில் நெல் ஏற்றிவந்த உழவு மெசின் பெட்டிகள் வரிசையில் நிற்க, அவற்றின் சொந்தக்காரர்கள் தங்கள் நெல் முளைவிடும் மணத்தை மணந்துகொண்டு எங்கள் முகத்தைப் பார்த்தபடி இருந்தார்கள். கையைப் போடு என்று அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை.

அன்று பிற்பகல் மூன்று மணி இருக்கும். சேற்று நெல்லின் சுணை கையைக் கிழிக்கிறது என்று மச்சான் துணிக் கையுறை போட்டிருந்தார். வைக்கோல் கட்டியொன்றைப் பிடித்து இழுத்தபோது, வாளியை முடுக்கியிருந்த ஆணியின் தலையில் கையுறையின் நூல் சிக்கியது. வெறும் கையாக இருந்திருந்தால் தோல் கிழிந்து தப்பியிருக்கக்கூடும். துணி கிழியாமல் கையை உள்ளே கொண்டுபோனது. சுழலும் எந்தப் பொருளுக்கும் அருகில் துணிக் கையுறை போடக்கூடாது என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். அதைவிடக் கொடுமை என்னவென்றால், அந்தக் கையுறையை நல்லதென்று நினைத்து அவருக்கு வாங்கிக் கொடுத்தவன் நான்.

அதன் பின்னர் நாங்கள் செய்ததும் பிழைதான். இரத்தத்தை அடக்கத் துணியால் இறுக்கி அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்தோம், அது சரி. ஆனால் விரல்களைத் தேடி எடுத்து, மீன் வாடியிலிருந்து வாங்கிய ஐஸ் துண்டுகளுக்குள் அப்படியே போட்டு முச்சக்கர வண்டியில் கொண்டுபோனோம். நசுங்கிய விரலைப் பொருத்துவது எப்படியும் கடினம், ஆனால் ஐஸ் நேராகப் பட்டு உறைந்துபோனால் அந்தச் சிறு வாய்ப்பும் இல்லாமல் போய்விடும் என்று வைத்தியர் பொறுமையாக விளக்கினார். துண்டான உறுப்பைச் சுத்தமான துணியொன்றைச் சற்று நனைத்துப் பிழிந்து அதில் சுற்றி, தண்ணீர் புகாத பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸுக்குள் வைக்க வேண்டும். ஐஸ் உறுப்பைத் தொடக்கூடாது. இப்போது எங்கள் ஆலையில் முதலுதவிப் பெட்டியின் மூடிக்குள் இதைப் பெரிய எழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். அந்தக் காலத்தில் இல்லாத இன்னொரு வசதி இன்று இருக்கிறது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் பணம் வாங்காமல் வரும். ஆலை இருக்கும் வீதியின் பெயரையும், அருகில் உள்ள அடையாளத்தையும், திரும்ப வேண்டிய சந்தியையும் அந்த இலக்கத்தோடு சேர்த்து எழுதி வையுங்கள். பதற்றத்தில் இருப்பவருக்குத் தான் தினமும் வரும் இடத்துக்குக் கூட வழி சொல்ல வராது.

நட்டஈட்டைப் பற்றி எங்களில் யாருக்கும் எதுவும் தெரியாது. முதலாளி வைத்தியசாலைக்குப் போய் வந்த செலவைப் பார்த்தார், பிறகு கொஞ்சப் பணமும் கொடுத்தார், அதை ஓர் உதவியாக நினைத்து வாங்கிக்கொண்டோம். வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் காயப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும் என்ற சட்டம் இந்த நாட்டில் 1934ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. தொழிற்சாலைகளில் சுழலும் தண்டுகளுக்கும் பெல்ட்களுக்கும் வேலி போட வேண்டும், மெசின் ஓடும்போது அந்த வேலி அதன் இடத்தில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லும் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942இல் வந்தது. அதே சட்டத்தின்படி, ஒருவரை மூன்று நாட்களுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் ஆக்கும் விபத்தைத் தொழில் திணைக்களத்துக்கு அறிவிக்கவும் வேண்டும். காயம் ஏற்பட்டால் அன்றைக்கே திகதி, நேரம், செய்துகொண்டிருந்த வேலை, பார்த்தவர்களின் பெயர் ஆகியவற்றை எழுதி, முதலாளிக்கு எழுத்தில் அறிவித்து, ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியசாலைத் துண்டுகளை எறியாதீர்கள். எங்கள் வீட்டில் அவை ஒரு வருடத்துக்குள் காணாமல் போய்விட்டன.

விபத்துக்குப் பிறகு ஆலையில் எல்லோரும் சொன்ன சொல் கவலையீனம் என்பதுதான். எலிவேட்டருக்குப் பக்கத்தில் ‘கவனம்’ என்று சிவப்பு எழுத்தில் ஒரு பலகை தொங்கியது. நானும் அப்படித்தான் நம்பினேன், மச்சானோடு உள்ளூரக் கோபமாகவும் இருந்தேன். இரண்டு கிழமை கழிந்து, அவருடைய இடத்தில் வேறு ஆள் இல்லாத ஒரு நாளில், அந்த எலிவேட்டரை நானே பார்க்க வேண்டி வந்தது. அன்று அது 17 தரம் அடைத்துக்கொண்டது. முதல் ஆறு தரமும் மெசினை நிறுத்தினேன். ஆறாவது தரம் நிறுத்தியபோது மூட்டை தூக்கும் நாட்டாமைமார் மூட்டைகளின் மேல் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களில் வயதில் மூத்த காக்கா ஒருவர், கோபமே இல்லாமல், “தம்பி, இப்பிடியே போனா இண்டைக்கு வீட்ட என்னத்தக் கொண்டு போற?” என்று கேட்டார். ஏழாவது தரம் நான் கையைப் போட்டேன். எட்டாவது தரமும் போட்டேன். சிவப்புப் பலகை என் தலைக்கு மேலேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

மச்சானுடைய இடத்தில் நின்ற பிறகே எனக்கு விளங்கியது, அவருக்கு அபாயம் தெரியாமல் இல்லை என்பது. நிறுத்துவதற்கு அரை மணி நேரமும், பத்துப் பேரின் கூலியும், வரிசையில் நிற்கும் விவசாயியின் நெல்லும் செலவாகின்றன. கையைப் போடுவதற்கு ஒரு செலவும் இல்லை, அது நடக்கும் நாள் வரை. ஆகவே கவனத்தைக் கூட்டச் சொல்வதை விட்டுவிட்டு, மெசினை நிறுத்துவதன் செலவைக் குறைப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். முதலாளியிடம் போய் இதை இந்தக் கணக்கிலேயே சொன்னேன். அடைப்பு எத்தனை தரம், ஒவ்வொன்றிலும் எத்தனை நிமிடம், எத்தனை மூட்டை என்று பழைய கொப்பி ஒன்றில் ஒரு கிழமை எழுதிக் காட்டினேன். விபத்தைப் பற்றிப் பேசியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டவர், கொப்பியை இரண்டு தரம் வாசித்தார்.

முதலில் எலிவேட்டருக்குத் தனியாகச் சிறிய மோட்டார் ஒன்றைப் பூட்டினோம். இதனால் அதை மட்டும் நிறுத்தி, அடைப்பை எடுத்து, திரும்பத் தொடங்க ஐந்து நிமிடம் போதுமாயிற்று. மற்ற மெசின்களுக்கு அந்த ஐந்து நிமிடத்துக்கான நெல்லைத் தர மேலே ஒரு சிறு தொட்டி செய்தோம். அடுத்து, நெல் அடிப்பெட்டிக்கு வருவதற்கு முன்னரே வைக்கோலையும் மண்கட்டியையும் பிடிக்கும் சல்லடை ஒன்றை வாசலில் வைத்தோம். அடைப்பு பாதிக்கும் கீழே குறைந்தது இதனால்தான், அதற்கான செலவோ மிகச் சிறியது. அடிப்பெட்டிக் கதவுக்குப் பக்கத்தில் நீளமான கம்பிக் கொளுக்கி ஒன்றைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டோம். மெசின் நின்ற பிறகும் அடைப்பை இழுக்க அதைத்தான் பாவிக்க வேண்டும். கடைசியாக, இதுவே பேசி முடிக்கக் கடினமாக இருந்தது, அடைப்பு எடுக்க நிற்கும் நேரத்துக்கு மூட்டைக் கணக்கு குறையாமல் ஒரு தொகை கொடுக்க முதலாளி ஒப்புக்கொண்டார். பெரிய தொகை அல்ல. ஆனால் அதற்குப் பிறகு நிறுத்தியவரை ஒருவரும் குறைசொல்லவில்லை.

மெசினை நிறுத்தினால் போதும் என்றும் நினைத்துவிடக்கூடாது. இரண்டு சம்பவங்களை இங்கே சொல்ல வேண்டும். புதிய மோட்டார் வந்த சில மாதங்களில், ஒரு பொடியன் சுவிட்சை நிறுத்திவிட்டு அடிப்பெட்டியில் குனிந்திருந்தபோது, தேநீர் குடித்துவிட்டு வந்த இன்னொருவர் எலிவேட்டர் நிற்பதைக் கண்டு, நல்லெண்ணத்தோடு சுவிட்சைப் போட்டுவிட்டார். அப்போது பொடியனுடைய கை வெளியே இருந்தது தற்செயல். அன்றே சுவிட்ச் பெட்டிக்கு ஆமைப்பூட்டு ஒன்று பூட்டக்கூடியதாகக் கொளுக்கி ஒட்டினோம். உள்ளே கை வைப்பவர் யாரோ, அவரே பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் கைவைத்தால் இரண்டு பூட்டு. ஒரு பூட்டுக்கு ஒரே சாவிதான். மற்றச் சாவிகளை முதலாளியின் அலுமாரியில் வைத்தால் அவசரத்தில் யாராவது எடுக்கத்தான் செய்வார்கள், ஆகவே அவற்றை நான் வெட்டிப் போட்டேன்.

மற்றது எலிவேட்டரின் தன்மையைப் பற்றியது. ஏறும் பக்கத்து வாளிகள் நெல்லால் நிறைந்தும், இறங்கும் பக்கத்து வாளிகள் வெறுமையாகவும் இருக்கும்போது மின்சாரத்தை நிறுத்தினால், அந்தப் பாரம் முழுவதும் கீழே வரப் பார்த்துக்கொண்டே நிற்கும். அதை அசையாமல் பிடித்திருப்பது சில நேரம் அடைப்பு மட்டும்தான். அடைப்பை எடுத்த மறுகணம் பெல்ட் பின்பக்கமாகச் சுழன்று இறங்கும். சுவிட்சில் பூட்டுத் தொங்கிக்கொண்டிருக்கும்போதே கையை நசுக்கும். மேல் கப்பியின் தண்டில், ஒரு பக்கம் சுழலவிட்டு மறுபக்கம் திரும்பாமல் பிடிக்கும் பல்சக்கரம் ஒன்றைப் பூட்டுவது இதற்கான சரியான வழி. அது வரும்வரை, அடைப்பைத் தொடுமுன் பெல்டின் இரண்டு பக்கத்தையும் மரக்கட்டையால் இறுக்கி அசையாமல் செய்தோம்.

வேலிகளின் கதையும் செலவின் கதைதான். அந்த ஆலையில் தண்டுக்கும் பெல்ட்களுக்கும் கம்பி வலை வேலி ஒரு காலத்தில் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவை பின்பக்கக் கொட்டிலில் துருப்பிடித்துக் கிடந்தன. தண்டு சுழலும் தாங்கிகளுக்கு இரண்டு நாளைக்கு ஒரு தரம் கிறீஸ் போட வேண்டும். ஒவ்வொரு தரமும் எட்டு ஆணி கழற்றி, எட்டு ஆணி பூட்ட வேண்டும். முதல் மாதம் எட்டு ஆணியும் பூட்டப்பட்டிருக்கும், இரண்டாம் மாதம் இரண்டு, மூன்றாம் மாதம் வேலி கொட்டிலில் இருக்கும். நாங்கள் திரும்ப வேலி அடித்தபோது, கிறீஸ் போடும் வாயிலிருந்து மெல்லிய செப்புக் குழாய் ஒன்றை வேலிக்கு வெளியே கொண்டுவந்து விட்டோம். இப்போது வேலியைத் தொடாமலே கிறீஸ் அடிக்கலாம், பெல்டின் நிலையை வலைக்கூடாகப் பார்க்கலாம். பத்து வருடத்துக்கு மேலாகியும் அந்த வேலிகள் கழற்றப்படாததற்கு அந்தக் குழாய்கள்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஓடும் பெல்டிலிருந்து சட்டென்று கையை எடுத்துவிடலாம் என்று நம்பும் இளைஞர்களுக்கு நான் ஒரு கணக்குச் சொல்வதுண்டு. 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள கப்பி நிமிடத்துக்கு 900 தரம் சுற்றினால், பெல்ட் ஒரு வினாடியில் ஏறத்தாழ 14 மீற்றர் ஓடும். ஏதோ இழுக்கிறது என்று உணர்ந்து கையைப் பின்னுக்கு எடுக்கக் கால் வினாடியாவது வேண்டும். அந்தக் கால் வினாடிக்குள் மூன்றரை மீற்றர் பெல்ட் கப்பிக்குள் போய்விடும். நம் கையின் நீளம் ஒரு மீற்றர் கூட இல்லை. சாரத்தின் நுனி, தோளில் போடும் துவாய், பெண்களின் பின்னல், கழுத்துச் சங்கிலி, கையில் கட்டும் நூல் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். ஆகவே மெசின் பகுதிக்குள் காற்சட்டையும் உடம்போடு ஒட்டிய பனியனும்தான் உடை என்று முடிவு செய்தோம்.

மெசின்கள் ஒரு நாளில் கையைக் கொண்டுபோகின்றன. தூசியும் வெப்பமும் வருடக்கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. அரிசி தீட்டும் மெசினுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு மாலையில் வரும் இருமல் எல்லா ஆலையிலும் வழக்கமானது என்பதால் அதை ஒருவரும் நோயாகக் கருதுவதில்லை. துவாயை மூக்கில் கட்டினால் பெரிய உமித்துண்டுகள் தடைபடும். நெஞ்சுக்குள் இறங்கும் நுண்ணிய தூசியை அது தடுக்காது, அதற்கு முகத்தோடு இடைவெளியில்லாமல் பொருந்தும் என்95 வகை முகக்கவசம் வேண்டும். அதைவிட நல்லது, தூசி மூக்குக்கு வராமலே செய்வது. காற்றிலிருந்து தூசியைப் பிரிக்கும் சூறாவளிக் கூம்புக்குப் போகும் குழாய்களில் ஓட்டை விழுந்த இடங்களை மாதம் ஒரு தரம் தேடி அடைப்பதால் மட்டுமே எங்கள் ஆலைக்குள் இருந்த தூசி கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. படிந்த தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடாதீர்கள். தானியத் தூசி காற்றில் அடர்த்தியாகக் கலந்திருக்கும்போது ஒரு பொறி பட்டால் வெடிக்கும். பக்கத்தில் வெல்டிங் செய்யவேண்டி வந்தால் முதலில் கூட்டி அள்ளி, நனைத்துவிட்டே தொடங்குகிறோம்.

நெல் அவிக்கும் அடுப்புக்குப் பின்னால் கொட்டப்படும் உமிச்சாம்பலைப் பற்றி வெளியார் யாரும் நினைப்பதில்லை. மேலே சாம்பல் நிறத்தில் ஆறிக் குளிர்ந்தது போலக் கிடக்கும். உள்ளே பல நாள் கனன்றுகொண்டிருக்கும். வெறுங்காலோடு அதில் ஏறியவர் முழங்கால் வரை புதைந்து வெந்துபோனதை நான் கண்டிருக்கிறேன். அந்தக் குவியலைச் சுற்றி இப்போது முள்ளுக்கம்பி அடித்திருக்கிறோம். எரிகாயம் பட்டால் உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடிக்க வேண்டும். பற்பசை, எண்ணெய், முட்டை எதுவும் பூசக்கூடாது.

நெல் காயவைக்கும் சீமெந்துக் களத்தில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். சிறுபோக அறுவடை முடியும் காலத்தில், கச்சான் காற்று வீசும் நாட்களில், காலை பத்து மணிக்கே அந்தச் சீமெந்தில் கால் வைக்க முடியாது. இரண்டு வருடங்களுக்கு முன் அங்கே மயங்கி விழுந்தவர் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது நாள்தான் ஆகியிருந்த ஒரு பிள்ளை. வெப்பத்துக்கு உடம்பு பழக ஒரு கிழமையாவது வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. புதிதாக வருபவருக்கு முதல் நாள் முழு வேலையில் ஐந்திலொரு பங்கை மட்டும் வெயிலில் கொடுத்து, நாளுக்கு நாள் அதே அளவு கூட்டிக்கொண்டு போக வேண்டும். நீண்ட நாள் லீவில் நின்று வருபவருக்கும் இது பொருந்தும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் கால் மணிக்கொரு தரம் ஒரு கோப்பை தண்ணீர் குடிக்க வேண்டும். அந்தப் பெண்கள் ஏன் குடிக்கவில்லை என்று கேட்டபோது, களத்துக்குப் பக்கத்தில் பெண்களுக்கென்று மலசலகூடம் இல்லை, ஆகவே காலையிலிருந்து தண்ணீரைத் தவிர்ப்பதாகச் சொன்னார்கள். இதை அவர்கள் என்னிடம் நேராகச் சொல்லவில்லை. என் மனைவியிடம்தான் சொன்னார்கள். தண்ணீர்க் குடத்தை வாங்குவதற்கு முன் மலசலகூடத்தைக் கட்டினோம்.

நெல்லை ஊறவைக்கும் தொட்டியில் இறங்கி வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆலை இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் காயமுள்ள காலோடு நிற்பவருக்கு எலிக்காய்ச்சல் வரலாம். முழங்கால் வரையான பூட்ஸ் போடுங்கள். வயல் வேலைக்கும் போகிறவர்கள் போகத் தொடக்கத்திலேயே சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் அல்லது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்புக் குளிசையைப் பற்றிக் கேளுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால், செய்யும் வேலை என்னவென்று வைத்தியரிடம் நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

சத்தத்தில் நான் பிந்திவிட்டேன். ஒரு மீற்றர் தூரத்தில் நிற்பவரோடு குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும் என்றால், அந்த இடத்தின் சத்தம் பெரும்பாலும் 85 டெசிபெலைத் தாண்டியிருக்கும். நாள் முழுவதும் அதில் நிற்பது செவிக்குக் கேடு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நிற்கக்கூடிய நேரம் பாதியாகிறது. இப்போது என் இடது காதில் இரவு முழுவதும் ஓர் இரைச்சல் கேட்கிறது. பேரப்பிள்ளையின் மழலையில் பாதி எனக்குக் கேட்பதில்லை. இழந்த செவி திரும்புவதில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஆலையில் இருக்கும் இளைஞர்கள் காதுக்குள் வைக்கும் பஞ்சுத் தக்கைகளை இப்போது ஒழுங்காக வைக்கிறார்கள். நான் அவர்களிடம் பேசும்போது கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக் கேட்பதை அவர்கள் பார்க்கிறார்கள்.

இன்னும் தீராமல் இருப்பது மூட்டை. ஒரு வளர்ந்த ஆண் தனியாகத் தூக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று சர்வதேச தொழில் அமைப்பு 1967ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்திருக்கிறது. வயலிலிருந்து எங்களுக்கு வரும் நெல் மூட்டைகள் 70 கிலோவையும் தாண்டுகின்றன. அரிசியைச் சிறு பைகளில் கட்டுவது எங்கள் கையில் இருக்கிறது; நெல் மூட்டையின் அளவு வயலில் கட்டுபவரின் கையில் இருக்கிறது, அவர் குறைத்துக் கட்டினால் சாக்கின் எண்ணிக்கையும் கூலியும் அவருக்குக் கூடுகின்றன. பாரத்தைக் குறைக்க முடியாதபோது தூக்கும் உயரத்தைக் குறைக்கலாம் என்று, லொறித் தட்டின் உயரத்துக்குச் சீமெந்து மேடை ஒன்று கட்டினோம். மூட்டையை நிலத்திலிருந்து தூக்காமல், லொறியிலிருந்து மேடைக்கு இழுத்து, மேடையிலேயே சாய்த்துக் கொட்டுகிறார்கள். முன்பு நாற்பது வயதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வேலையை விட்ட நாட்டாமைமாரைக் கண்டவன் என்ற முறையில், அந்த மேடை போதுமான பலனைத் தருகிறது என்று சொல்வேன். ஆனால் உழவு மெசின் பெட்டியின் தட்டு லொறியினுடையதைவிடத் தாழ்வு. அதில் வரும் மூட்டைகளை இன்னும் நெஞ்சுக்கு மேலே தூக்கித்தான் மேடையில் வைக்கிறார்கள். மச்சான் போன கிழமை வாசலில் நின்று, உள்ளே வந்த பெட்டிகளின் உயரத்தை ஒவ்வொன்றாக, நாடாவின் நுனியை வலது கையின் இரண்டு விரல்களுக்கிடையில் பிடித்து அளந்து கொப்பியில் எழுதினார். அந்த அளவுகளுக்கு நடுவான உயரத்தில் இரண்டாவது மேடையைப் பெரும்போக அறுவடைக்கு முன் கட்டி முடிக்கக் கல்லும் மணலும் இறக்கியிருக்கிறோம்.